பதினைந்து வயதில் ஓட்டத்தை நிறுத்துவதா, விடுதிக்கு அனுப்புவதா? திருகோணமலைக் குடும்பம் ஒன்றின் முன்னாலுள்ள தெரிவுகள்

பத்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை ஒருத்தி. 800 மீற்றர் ஓடுகிறாள். வலய மட்டத்தில் முதலாவதாக வந்து, மாகாணப் போட்டியில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். இனி என்ன செய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கதை. சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை விட்டுவிடட்டும் என்கிறார் அப்பா. ஒரேயடியாக விடட்டும் என்கிறார் அம்மம்மா. ஓடத்தான் வேண்டுமென்றால் வலைப்பந்துக்கு மாறட்டுமே, அது பெண்பிள்ளைகளின் விளையாட்டு என்கிறார் மாமா. மாகாணப் போட்டியில் அவளைப் பார்த்த பயிற்றுநர் ஒருவரோ, கொழும்புப் பக்கம் விளையாட்டு விடுதி உள்ள பாடசாலைக்கு உடனே அனுப்புங்கள், இங்கே வைத்திருந்தால் வீணாகிவிடுவாள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் என்னிடம் வந்து, "நீங்க எல்லாத்தையும் ஒருக்கா எழுதித் தாங்கோ, இரவைக்கு இருந்து எல்லாரும் வாசிப்பம்" என்றார்.

நான் பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறவள். இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதில்லை, ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றி இங்கே பொதுவிலும் வைக்கிறேன்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் தெரிவுகளைப் பேச முடியாது. அப்பாவும் அம்மாவும் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரைச் சேர்ந்தவர்கள். 2006இல் அங்கே சண்டை மூண்டபோது ஊரே எழும்பியது. இவர்கள் படகேறி தனுஷ்கோடியில் இறங்கினார்கள், மண்டபம் அகதி முகாமில் பதிந்தார்கள், பிறகு தமிழ்நாட்டின் உள்ளே வேறொரு முகாமில் இருந்தார்கள். பிள்ளை பிறந்தது அங்கேதான். சம்பூர்க் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகு திரும்பி வந்தார்கள். வளவு காடாகக் கிடந்ததால் இப்போது பாலையூற்றில் வாடகை வீடு. அப்பா மேசன் வேலை. ஊராருக்கு மதில் கட்டிக் கொடுத்து மிச்சம் பிடிக்கும் காசில் சம்பூர் வளவில் சிறிது சிறிதாக ஒரு வீடு எழும்புகிறது. அந்த வீடு மகளுக்கு.

கிழக்கிலே வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவான். பெண் தாயோடு, தாயின் வளவோடு இருப்பாள். பத்து வருடத்துக்கு மேல் பிறர் மண்ணில் கூடாரமும் தகரக் கொட்டிலுமாக இருந்துவிட்டு வந்த மனிதர் மகளுக்கென்று கல்லடுக்கும்போது, "உங்கட மகளை விடுதிக்கு அனுப்புங்கோ" என்று ஒருவர் வந்து சொன்னால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அதோடு இன்னொன்றும் உண்டு. திரும்பி வந்தவர்களை ஊர் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறது. பேச்சில் இந்தியத் தமிழ் கலந்தால் சிரிப்பு, பிள்ளையின் பத்திரங்களைக் கேட்டால் ஆயிரம் கேள்வி. "நாங்க புதுசா வந்த ஆக்கள் மாதிரி, எங்களைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது" என்று அம்மம்மா சொல்வதை நான் பழைமைவாதம் என்று தள்ளமாட்டேன். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்களிடம் மிச்சமாக இருப்பது அந்த நல்ல பெயர்தான்.

ஆனாலும் அவர்கள் பாதுகாப்பானது என்று நினைக்கும் தெரிவுதான் எனக்கு எல்லாவற்றிலும் ஆபத்தானதாகத் தெரிகிறது. அதை முதலில் எடுக்கிறேன்.

நிறுத்திவிட்டுப் படிப்பது

அப்பாவின் கணக்கு நேர்மையானது. போரில் படிப்பு குழம்பிய தலைமுறை அவர். மகள் ஆசிரியராகவோ அரசாங்கக் கச்சேரியில் ஒரு கதிரையிலோ இருந்தால் போதும் என்பது அவருடைய கனவு. ஓட்டம் அதற்கு இடைஞ்சல் என்று நினைக்கிறார்.

மணித்தியாலத்தை எண்ணிப் பார்க்கலாம். வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் ஏழரை மணித்தியாலம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் வாரத்தில் பயிற்சி போகக்கூடாது, ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பது சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் எல்லை. இவள் அந்த எல்லையில் பாதியில்தான் நிற்கிறாள். அந்த ஏழரை மணித்தியாலத்தை மிச்சம் பிடித்தால் கணக்குப் பாடம் ஏறிவிடுமா? ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் ரியூஷனுக்குப் போகிறாளே, அதில் ஒன்றை நிறுத்தினாலே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் கையில் வந்துவிடும். இதை நான் அப்பாவிடம் நேரிலும் சொன்னேன், இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். நேரத்தைத் தின்பது ஓட்டமல்ல.

அம்மம்மாவின் காரணங்கள் வேறு. வெயிலில் ஓடிக் கறுத்துப் போவாள் என்கிறார், கால் திறந்த உடுப்பு என்கிறார், பெரியபிள்ளையான பிறகு இப்படி ஓடினால் வயிற்றுக்குக் கூடாது என்கிறார். கடைசியாகச் சொன்னது பிழை. மாதவிலக்கு நாட்களிலும் ஓடலாம், கர்ப்பப்பைக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வந்து பதக்கம் எடுத்த ஓட்டக்காரிகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். உடுப்பு விஷயம் தீர்க்கக் கூடியது, அதைக் கீழே எழுதுகிறேன். கறுப்பைப் பற்றி ஒரே ஒரு வரி: எங்கள் பிள்ளைகளின் நிறத்தை வைத்து விலை பேசும் மாப்பிள்ளை அந்தச் சம்பூர் வீட்டுக்கு வேண்டாம்.

நிறுத்துவதை நான் ஏன் ஆபத்து என்கிறேன்? "பரீட்சை முடியத் திரும்பத் தொடங்கலாம்தானே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொடங்குவதில்லை. பதினைந்து, பதினாறு வயதில் விட்ட பெண்பிள்ளைகள் பதினெட்டில் திரும்பி வந்ததை நான் மிக மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்த வயதில் உடம்பு மாறுகிறது, இடுப்பு அகலுகிறது, நிறை கூடுகிறது. ஓடிக்கொண்டே அந்த மாற்றத்தைக் கடக்கும் பிள்ளை புது உடம்போடு பழகிக்கொள்கிறாள். விட்டவள் திரும்பி வரும்போது பழைய நேரத்தை எட்ட முடியாமல் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறாள். கூட ஓடிய பிள்ளைகளும் அதற்குள் போய்விடுவார்கள். விடுதிக்கு அனுப்பினால் திருப்பிக் கூப்பிடலாம், வேறு விளையாட்டுக்கு மாறினால் திரும்ப மாறலாம், நிறுத்தினால் நிறுத்தியதுதான். அவளிடம் ஓட்டத்தைத் தவிர வேறொரு முகவரியும் இல்லை என்பதையும் வீட்டார் யோசிக்க வேண்டும். வகுப்பில் "இந்தியாக்காரி" என்று கூப்பிட்ட பிள்ளைகள் மாகாணப் போட்டிக்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

வலைப்பந்துக்கு மாறுவது

மாமாவின் யோசனையை நான் இலேசாக எடுக்கவில்லை. பாவாடை உடுத்து பாடசாலை மதிலுக்குள் விளையாடுவது, கூட்டமாகப் போய்க் கூட்டமாக வருவது, ஆசிரியை பொறுப்பு. வீட்டாருக்கு நெஞ்சிடி இல்லை. வலைப்பந்தில் தமிழ்ப் பெண் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் ஆள் இருக்கிறார். யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் இருந்தவர், 2019 உலகக் கிண்ணத்தில் ஆகக் கூடிய கோல் போட்டவர்.

ஆனால் தர்ஜினியின் உயரம் 208 சென்ரிமீற்றர். அந்த உடம்புக்கு அந்த விளையாட்டு. நம்முடைய பிள்ளை நடுத்தர உயரம், மெல்லிய உடல், நீண்ட மூச்சு. வலைப்பந்து ஆடுகளத்தில் அவள் ஒரு சாதாரண ஆட்டக்காரியாக இருப்பாள். பருவத்துக்கு ஒருமுறை பாடசாலை அணியில் விளையாடுவது நல்லதுதான், பக்கவாட்டு அசைவு பழகும், தோழிகளும் கிடைப்பார்கள். ஓட்டத்துக்குப் பதிலாக என்றால் வேண்டாம்.

விடுதிப் பாடசாலை

பயிற்றுநர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இங்கே புல்தரையில் பழகுகிறோம். தேசியப் போட்டிகள் கொழும்பு சுகததாச அரங்கிலும் தியகமவிலும் செயற்கை ஓடுதளத்தில் நடக்கின்றன. புல்லில் பழகிய கால் முதல்தடவை அந்தத் தளத்தில் ஏறும்போது தளம் காலைத் திருப்பித் தள்ளுகிறது. முதல் இருநூறு மீற்றரை அளவு தெரியாமல் வேகமாக ஓடிவிட்டு, இரண்டாம் சுற்றில் கால் கல்லாகி நிற்கும் கிழக்குப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். விடுதியில் இருந்தால் அந்தத் தளம் பழகும், கூட ஓட வேகமான பிள்ளைகள் இருப்பார்கள், அடிபட்டால் பார்க்க ஆள் இருக்கும்.

ஆனால் "உடனே" என்ற சொல்லைத்தான் நான் ஏற்கவில்லை. 800 மீற்றர் ஓட்டக்காரி தன் உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் இருபதுகளின் நடுவில். பதினைந்தில் ஒன்றும் கை நழுவிப் போய்விடாது. இன்னொன்று, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதே 800 மீற்றரில் 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன கொழும்பில் உருவானவர் அல்ல. கண்டி மாவட்டத்தில் வலல என்ற கிராமத்தின் ரத்நாயக்க மத்திய கல்லூரியில், சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுநரிடம் வளர்ந்தவர். தங்கம் எடுத்தபோது வயது பதினெட்டு. ஒரு நல்ல பயிற்றுநர், ஒரு கூட்டம் பிள்ளைகள், விடாத பயிற்சி, இவை இருந்தால் கிராமத்திலும் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தத் தெரிவில் வீட்டார் கேட்காமல் விட்ட இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது மொழி. தென்பகுதியில் நல்ல விளையாட்டு விடுதி உள்ள பாடசாலைகளில் படிப்பு சிங்கள மொழியில். தமிழ்மொழி மூலம் பத்து வருடம் படித்த பிள்ளை சாதாரண தரத்துக்கு ஒரு வருடம் இருக்கையில் அங்கே போனால் வகுப்பில் ஊமையாக இருப்பாள். தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் வடக்குப் பக்கம் பார்க்கலாம். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் படித்த தெல்லிப்பளை மகாஜனா போன்ற பாடசாலைகளில் பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கு நல்ல மரபு உண்டு. ஆனால் அங்கே பேர்பெற்றவை கோலூன்றலும் பெண்கள் உதைபந்தாட்டமும். 800 மீற்றர்க்காரிக்கு அவ்வளவு தூரம் போவதால் பெரிய இலாபம் இல்லை.

இரண்டாவது, மாவட்டம். பல்கலைக்கழக அனுமதியில் அநேக பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. எந்த மாவட்டம் என்பது பொதுவாக உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் படித்த பாடசாலையைப் பொறுத்தது. அப்படியென்றால் பதினைந்து வயதில் கொழும்புப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை, பிறகு கொழும்பு மாவட்டத்து உயர்ந்த வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டி வரலாம். விளையாட்டுக்காக அனுப்பி, படிப்பில் அவளுக்கு இருந்த ஒரே சலுகையையும் பறித்துவிடக் கூடாது. ஆசிரியராக வேண்டும் என்ற அப்பாவின் கனவுக்கு ஓட்டத்தால் வரும் கேட்டைவிட, இப்படி அவசரமாகப் பாடசாலை மாற்றுவதால் வரும் கேடுதான் பெரிது.

எந்த விடுதியானாலும் கேட்க வேண்டியவை உண்டு. இரவில் பெண் பொறுப்பாளர் யார், அவர் அங்கேயே படுக்கிறாரா? பிள்ளை நினைத்த நேரம் வீட்டுக்குப் பேச முடியுமா? காயம் வந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போவது யார்? பயிற்றுநர் தனியறைக்குக் கூப்பிடும் வழக்கம் உண்டா? கேட்க வெட்கப்படக் கூடாது. கோபப்படும் விடுதிக்கு அனுப்பவே கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இது உள்ளூர்ப் பயிற்சிக்கும் பொருந்தும்.

ஊரிலேயே இருந்து இரண்டையும் செய்வது

நான் சொல்வது இதைத்தான். ஆனால் "அப்படியே விட்டுவிடுவோம், பார்ப்போம்" என்பது இந்தத் தெரிவு ஆகாது. இப்போது நடப்பது போலவே நடந்தால் அவள் ஒரு வருடத்தில் தானாகவே களைத்து விட்டுவிடுவாள். செய்ய வேண்டியவை நிறைய.

முதலில் நேரம். பின்னேரம் ரியூஷன், அதனால் அவள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு இரண்டு மணி வெயிலில் ஓடுகிறாள். கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கிற மாதங்களில் திருமலையில் அந்த நேரம் நிழலில் நிற்பவருக்கே மூச்சு முட்டும். அதை நிறுத்தியே ஆக வேண்டும். காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்தால் வெயிலும் இல்லை, கறுப்புக் கதையும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் பிந்தாது. இருட்டில் பிள்ளையை எப்படி அனுப்புவது என்பது நியாயமான கேள்வி. அவள் ஓடும் மக்கேய்சர் மைதானத்துக்கும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் கூப்பிடு தூரம். அம்மா விடியக் கோயிலுக்குப் போகிறவர்தானே, மகளோடு ஓட்டோவில் வந்து, கும்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வரலாம். மாரி மழை தொடங்கினால் மைதானம் சேறாகும். அந்த வாரங்களில் மெதுவான நீண்ட ஓட்டமும் வீட்டுக்குள் செய்யும் உடற்பயிற்சியும் போதும்.

அம்மா ஒருநாள் அப்படி வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் நின்றார், ஏதோ கோயில் வீதி என்பது போல. மகள் 600 மீற்றர் வேகமாக ஓடினாள். கடைசி வளைவில் அவளுடைய தோள் ஏறி, முகம் கோணி, கை அகலத் தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்து, "இவ்வளவு நேரமும் இவள் மூச்சு விடுறாளா?" என்று கேட்டார். ஓடி முடித்த பிள்ளை முழங்காலில் கையூன்றி நின்றபோது அவர் போய் முதுகைத் தடவவில்லை, கிட்டப் போய் நின்றார், அவ்வளவுதான். மகள் இதுவரை எங்கே போகிறாள் என்று மட்டுமே அந்த வீட்டுக்குத் தெரியும், அங்கே என்ன செய்கிறாள் என்று தெரியாது. அப்பாவும் அம்மம்மாவும் ஒரு விடியற்காலை வந்து பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதையும்விட அது கூடுதலாகப் பேசும்.

உடுப்பு. கணுக்கால்வரை டைட்ஸ், அதன்மேல் தளர்ந்த காற்சட்டை, கை வைத்த ரீசேட். சர்வதேச விதிகள் குட்டை உடுப்பைக் கட்டாயமாக்கவில்லை. சுத்தமாக, பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதே விதி. பஹ்ரைனின் ருகையா அல்கஸ்ரா 2006 தோஹா ஆசியப் போட்டியில் தலையையும் உடலையும் மூடிய உடையோடு 200 மீற்றரில் தங்கம் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவுதியின் சாரா அத்தார் 800 மீற்றரையே அப்படித்தான் ஓடினார். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகளும் எங்கள் வலயத்தில் அப்படி ஓடுகிறார்கள். அம்மம்மாவுக்கு இது முழுத் திருப்தி தராது என்று தெரியும். பாதித் திருப்தியாவது தரும், பிள்ளைக்கும் வேகம் குறையாது. அவள் பெரியவளாகித் தானே வேறு உடுப்பைத் தெரிவுசெய்தால் அது அவளுடைய விஷயம்.

சப்பாத்து. புல்லுக்கு ஒரு நீள ஆணி, செயற்கைத் தளத்துக்கு ஒரு நீளம். செயற்கைத் தளத்தில் 9 மில்லிமீற்றருக்கு மேல் ஆணி கூடாது, சில அரங்குகளில் 6 தான் விடுவார்கள். ஆணியைக் கழற்றி மாற்றலாம், இரண்டு சோடி சப்பாத்து வாங்கத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது போட்டிக்கு முன் செயற்கைத் தளத்தில் பழகக் கொண்டுபோவது பாடசாலையின் பொறுப்பு, அதை நான் அதிபரிடம் கேட்பேன்.

இனிச் சாப்பாடு. இதில்தான் எனக்குக் கவலை கூட. பிள்ளை காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும், மத்தியானம் சோறு, இரவு இடியப்பம், உடனே திரும்பவும் பிளேன்ரீ. மாதவிலக்கும் தொடங்கி, வியர்வையும் சிந்தி ஓடும் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவது மிகச் சாதாரணம். ஹீமோகுளோபின் சரியாகக் காட்டினாலும் உள்ளே சேமிப்பு வற்றியிருக்கலாம். பெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையில்தான் அது தெரியும். களைப்பு என்று திட்டுவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் குறைவாகவே சேரும். ஒரு மணித்தியாலம் பிந்திக் குடிக்கட்டும். கீரிமீனும் சூடையும் திருமலையில் மலிவு. கௌபி, பயறு, முருங்கையிலைச் சுண்டல், கூடவே தேசிக்காய்ப் புளியோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஓட வருவதற்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் முட்டையும் பாணும். மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து நின்றால், "ஓடுற பிள்ளைதானே" என்று விடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சாப்பாடு போதாத உடம்பு அப்படித்தான் சைகை காட்டும், அடுத்ததாக எலும்பில் வெடிப்பு வரும். மெலிந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

படிப்பில் "சுகாதாரமும் உடற்கல்வியும்" பாடத்தை அவள் சாதாரண தரத்துக்கு எடுத்திருக்கிறாள், நல்லது. பிறகு உயர்தரத்தையும் திருமலையிலேயே எடுக்கட்டும். தேசிய, சர்வதேச மட்டத்தில் விளையாட்டில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டு, ஆனால் உயர்தரத்தில் தேவையான சித்திகள் இருந்தால்தான். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கும் விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் பட்டப்படிப்பே இருக்கிறது. அப்பா விரும்பும் ஆசிரியத் தொழிலுக்கு உடற்கல்வி ஆசிரியை என்ற வாசலும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் பெண் உடற்கல்வி ஆசிரியைகள் போதாமல் எத்தனை பாடசாலைகளில் பிள்ளைகள் மைதானத்துக்கே வராமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

படை, பொலிஸ் கழகங்கள்

இதையும் சிலர் சொன்னார்கள். நாட்டின் முன்னணி மெய்வல்லுநர்களில் பலர் முப்படை, பொலிஸ் கழகங்களில் இருக்கிறார்கள், சம்பளமும் பயிற்சியும் மருத்துவமும் அங்கே கிடைக்கின்றன என்பது உண்மை. 2006இல் படகேறிய குடும்பத்திடம் இதைப் பேச நான் விரும்பவில்லை. பதினெட்டு வயதுக்குப் பிறகு அவள் தானாகத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று அது, இப்போது மேசையில் வைக்கத் தேவையில்லை. தனியார் நிறுவனங்களுக்கிடையிலும் மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கின்றன, ஓடுகிறவர்களைத் தேடி வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களும் உண்டு.

எல்லாத் தெரிவுகளுக்கும் பொதுவான வேலை ஒன்று மிச்சம். பிள்ளை இந்தியாவில் பிறந்தவள். இலங்கையருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி பதிவுசெய்ய வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் செய்யாதவர்கள் காரணம் காட்டிப் பிறகும் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டையிலும் சிக்கல், கடவுச்சீட்டும் எடுக்க முடியாது. தேசிய கனிஷ்ட அணிக்குத் தெரிவாகி, பத்திரம் இல்லாததால் விமானம் ஏறாமல் நிற்கும் நிலை இவளுக்கு வரக்கூடாது. அம்மாவிடம் கேட்டபோது, பதிந்ததாக ஞாபகம், பத்திரத்தைக் காணவில்லை என்றார். இந்தியப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, முகாமில் தந்த அட்டை, திரும்பி வந்தபோது தந்த பயணப் பத்திரம் எல்லாவற்றையும் அந்தத் தகரப் பெட்டியில் தேடி எடுங்கள். சனிக்கிழமை பயிற்சி முடிய நான் வீட்டுக்கு வருகிறேன், இருந்து ஒழுங்குபடுத்தித் திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் கிராம அலுவலரின் கடிதத்தோடு என்ன குறைகிறது என்று கேட்போம்.